அடுப்பில் பூத்ததும் புற்றில் பூத்ததும்

ஐப்பசி அடைமழை மூன்று நாள் விடாது பெய்து ஓய்ந்த ஒரு காலையில் எங்கள் வீட்டுக் கொல்லை இருந்த கோலத்தை அன்பர்களுக்குச் சொல்லித் தீராது. வேலியோரத்துக் காகிதப்பூ ஈரம் தாங்காமல் சரிந்து, மண்ணெல்லாம் கருஞ்சிவப்பாய்க் கிடந்தது. முதல்நாள் மாலை விரிந்த அந்திமந்தாரை, வெயில் முகம் காட்டாததால் குவிய மறந்து மஞ்சளும் சிவப்புமாய் நின்றது. வாடாமல்லி, செண்டுமல்லி, எங்கள் பக்கத்தில் பட்டிப்பூ என்று வழங்கும் நித்தியகல்யாணி, கிளுவை வேலியை இலைநுனிச் சுருளால் பற்றி ஏறியிருந்த செங்காந்தள்... இத்தனை நிறங்களுக்கும் நடுவே, மேற்கு மதிலை ஒட்டிய கறையான் புற்றைச் சுற்றி நிறமற்ற ஒரு கூட்டம். உச்சியில் சிறு கூர்முனையுடன், விரிந்தும் விரியாமலும் வெண்குடைகள்!

முதலில் கண்டவர் எண்பது வயதைக் கடந்த எங்கள் அத்தை. "தம்பி, புத்துல பூத்திருக்கு, வந்து பாரு" என்றார்.

முளைத்திருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, பூத்திருக்கிறது என்றார். அப்போது நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அன்று மதியம் குழம்பில் வந்த காளானைத்தான் பெரிதாக எண்ணினோம். அந்தச் சொல் மனத்தில் உறைத்ததற்குக் காரணம், அடுத்து வந்த கார்த்திகையில் அந்தப் புற்றுக்கு வந்த கேடு.

எங்கள் வீடு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி செல்லும் வழியில், தாத்தா காலத்து ஓட்டு வீடு. ஒழுக்கை அடைக்க வந்த தச்சர் பின்தாழ்வாரத்துக் கைமரம் ஒன்றை உளியால் தட்ட, பாதி மரம் மாவாய்க் கொட்டியது. "கறையான் ஐயா. அந்தப் புத்தை இடிச்சு மருந்து ஊத்தாட்டி அடுத்த மழைக்கு விட்டமும் போயிடும்" என்றார். அண்டை அயலார் எல்லாரும் அதையே சொன்னார்கள். புற்றில் பாம்பு இருக்கும் என்பதும் கூடவே வந்தது. அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து ஊற்றுமுன் மழைநீர் வடிய மதிலோரமாக ஒரு வாய்க்கால் எடுத்துவிடலாம் என்று ஆள் விட்டோம். மண்வெட்டி புற்றின் ஓரத்தைச் சீவியபோது உள்ளறை ஒன்று திறந்துகொண்டது.

உள்ளே, கைப்பிடியில் அடங்கும் அளவில், வாதுமைப் பருப்பின் மடிப்புகளை நினைவூட்டும் சாம்பல் பழுப்பான ஒரு பொருள் இருந்தது. தொட்டால் ஈரப்பசை. தூக்கினால் எடையே இல்லை. அதன் மேலெல்லாம் சின்னஞ்சிறு வெண்மணிகள், குருணை அரிசியைப் பொங்கி உதிர்த்துவிட்டதுபோல! அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம். வாயில் ஒரு சொல் வந்தது, 'குரும்பி'.

அகநானூற்றின் எட்டாம் பாட்டு, பெருங்குன்றூர்கிழார் பாடியது. ஈயல் வாழும் புற்றின் ஈரமான புறத்தில், குரும்பியை உணவாகக் கொள்ளும் ஆண்கரடி நள்ளிரவில் நகத்தால் பறிக்க, உள்ளே கிடக்கும் பாம்பு வலியழிகிறது. 72ஆம் பாட்டிலும் அதே கரடி. அங்கே மின்மினிகள் மொய்க்கும் புற்றைத் தோண்டும் கரடி, பொறி பறக்கும் உலைக்களத்துக் கொல்லனைப்போல் தோன்றுகிறது. 'குரும்பி' என்பதற்கு உரைகாரர்கள் தரும் பொருள் 'புற்றாஞ்சோறு'. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் 'குரும்பி - புற்றாஞ்சோறு' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறோம். மாணவர்களும் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்தவர் எங்களில் ஒருவருமில்லை. அது ஏன் சோறு ஆயிற்று என்று கேட்ட மாணவரும் இல்லை, கேட்டுக்கொண்ட ஆசிரியரும் இல்லை. கொல்லையில் நின்று பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. அது சோற்றைப் போலத்தான் இருக்கிறது.

அன்று வாய்க்கால் வேலை நின்றது. மருந்துக்காரரையும் பொங்கல் கழித்து வரச் சொன்னோம். அந்த இடைவெளியில் படித்தவற்றையும், கொல்லையைச் சுற்றிவந்து கண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

*

முதலில் பூக்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொடுத்த 99 பூக்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கொல்லையை ஒருமுறை சுற்றினோம். தேறியவை ஐந்தே ஐந்து. காந்தள், தும்பை, துளசியாகிய துழாய், நந்தியாவட்டையாகிய நந்தி, பந்தலில் படர்ந்த பீர்க்கின் மஞ்சள் பூவாகிய பீரம். கண்ணைப் பறிக்கும் மற்ற நிறங்கள் எல்லாம் கப்பலேறி வந்தவை! அந்திமந்தாரையும் செண்டுமல்லியும் வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்தவை. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவினது. சிவன் கோயில்களில் நாம் கைகூப்பி நிற்கும் நாகலிங்க மரத்தின் தாயகமும் தென் அமெரிக்காவே. செண்டுமல்லிக்குத் துலுக்கச் சாமந்தி என்று இன்னொரு பெயர் உண்டு. வந்த வழி தெரியாத போதிலும் வந்தது என்பதை மட்டும் மொழி குறித்துவைத்திருக்கிறது. பறங்கிக்காயின் கதையும் அதுவே.

காகிதப்பூவின் கதை சற்றே சுவையானது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் புகேன்வில்லின் பயணத்தில் உடன்சென்ற தாவரவியலாளர் கொம்மர்சன் 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் அதைக் கண்டார். தலைவரின் பெயரே செடிக்கு ஆயிற்று. கொம்மர்சனின் உதவியாளராக ஆண் உடையில் கப்பலேறியவர் ழான் பாரே என்ற பெண். உலகைச் சுற்றிவந்ததாக அறியப்படும் முதல் பெண் அவர். அவர் பெயரில் எங்கள் வேலியில் ஒன்றும் இல்லை!

இந்தப் பூக்களைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. நித்தியகல்யாணியிலிருந்து 1950களின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாஸ்டினும், பின்னர் வந்த வின்கிரிஸ்டினும் புற்றுநோய் மருத்துவத்தில் எத்தனையோ குழந்தைகளைக் காத்திருக்கின்றன. அந்திமந்தாரையின் வரியோடிய இலைகளை ஆராய்ந்த ஜெர்மானியர் கார்ல் காரென்ஸ், சில பண்புகள் தாய்வழியாக மட்டுமே இறங்குகின்றன என்று 1909இல் காட்டினார். வந்த பூக்கள் வெறும் கையோடு வரவில்லை. ஆனால் அவை வந்த வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டும் கப்பலும் ஆளும் தெரிகின்றன. மதிலோரத்துக் காளானோ எவரும் கொண்டுவராதது, எவரும் நடாதது. நம் இலக்கியத்தில் அதன் இடம் என்ன?

கபிலரின் 99இல் காளான் இல்லை. அது பூ இல்லையே என்பீர்கள். ஆனால் சங்கப் புலவர்கள் காளானைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பூவின் சொற்களைத்தான் எடுக்கிறார்கள். புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்கிறார். அவர் வீட்டு அடுப்பு சமையலையே மறந்துவிட்டது. அதில் ஆம்பி பூத்திருக்கிறது. ஆம்பி என்பது காளானின் பழம்பெயர். குழந்தைக்குப் பால் இல்லை, மனைவியின் கண்ணில் நீர், அடுப்பில் பூ! கொல்லையில் அழகாய்த் தோன்றும் ஒன்று அடுப்பில் தோன்றினால் என்ன பொருள் என்பதை இதைவிடக் கொடுமையாகச் சொல்ல முடியுமா?

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் பாணனின் அடுக்களையும் இத்தகையதே. ஈன்ற நாய் பசியால் குரைக்கும் அந்த அடுக்களையில், பழஞ்சுவரைச் சிதல் அரிக்கிறது. சிதல் என்பது கறையான். அரித்த பூழியில் காளாம்பி பூக்கிறது. கறையானையும் காளானையும் அடுத்தடுத்து நிறுத்திய புலவரின் கண்ணை வியக்கிறோம். எனினும் ஆர்வத்தில் இடறிவிடலாகாது. நத்தத்தனார் தம் காளாம்பிக்குப் 'புழல்' என்று அடைகொடுக்கிறார், அதாவது உள்துளை உடையது. எங்கள் புற்றுக்காளானின் காம்பை ஒடித்துப் பார்த்தோம். நார்நாராய்ச் சதைப்பற்றோடு கெட்டியாக இருந்தது, துளை இல்லை. எனவே பாணன் வீட்டில் பூத்தது மட்கிய குப்பையில் எழும் வேறு காளானாகவே இருத்தல் வேண்டும். ஒரு சொல்லில் இனம் பிரிக்க இடம்கொடுத்த புலவர் அவர்!

காளான் என்றால் வறுமை மட்டும்தானா? பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆயர் மகள் தயிர் கடையும் காட்சியை வரைகிறார். உறைந்த தயிரின் கட்டிகள் ஆம்பியின் வெண்மையான முகையைப் போல் இருக்கின்றன. இங்கே காளானுக்கு மொட்டே உண்டு! பாணனின் அடுப்பில் பசியாய்ப் பூத்தது ஆய்ச்சியின் பானையில் வளமாய் முகிழ்க்கிறது. முகை, பூத்தல் என்ற அந்தச் சொற்கள் ஏட்டோடு போய்விடவில்லை என்பதற்கு எங்கள் அத்தையே சான்று. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை.

*

இனி, தரங்கம்பாடி.

கொம்மர்சன் ரியோவில் காகிதப்பூவைக் கண்டதற்கு மறு ஆண்டு, 1768இல், தரங்கம்பாடியின் டேனியக் குடியேற்றத்துக்கு ஒரு மருத்துவர் வந்து இறங்கினார். பெயர் யோஹான் கெரார்ட் கோனிக். பால்டிக் பகுதியில் பிறந்தவர், தாவரங்களுக்கு இருசொற் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயசின் மாணவர். சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய அதே ஊர் அது. சீகன்பால்கின் அச்சுக்கூடத்தைத் தமிழ் உலகம் நன்கு அறியும். கோனிக்கைத் தாவரவியல் படித்தவர்களைத் தவிர எவரும் நினைப்பதில்லை. ஆயினும் அவர் பெயர் உங்கள் வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது. லின்னேயஸ் 1771இல் நம் கறிவேப்பிலைக்குப் பெர்கெரா கோனிகி என்று பெயரிட்டார். அது இடையில் முர்ராயா கோனிகி என்றும் வழங்கியது. முதற்பெயர் மாறினும் 'கோனிகி' மாறவில்லை. குழம்பிலிருந்து எடுத்துத் தட்டோரம் ஒதுக்கும் இலையில் ஒரு மனிதரின் பெயர்!

இந்தக் கோனிக் தஞ்சைப் பகுதியில் கறையான் புற்றுகளைத் தோண்டிப் பார்த்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லின் நகரத்து இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. எங்கள் வாய்க்காலில் நாங்கள் கண்டதை அவர் இங்கேயே, சில கல் தொலைவில், 250 ஆண்டுகளுக்கு முன் கண்டிருக்கிறார். புற்றறையில் வளரும் பூஞ்சை கறையானின் இளங்குஞ்சுகளுக்கு உணவாகலாம் என்று ஊகித்தும் எழுதினார். ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி 1781இல் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதிய ஸ்மீத்மன் இந்த ஊகத்தைக் கோனிக்கின் பெயர் சொல்லியே எடுத்தாள்கிறார். நம் மக்கள் ஈசல் பிடிக்கும் முறையும் கோனிக் வழியாக ஸ்மீத்மனின் எழுத்தில் ஏறிவிட்டது. புற்றின் ஒருபுறம் புகைமூட்டி, மறுபுறம் பானை வைத்து, வெளிவரும் ஈசலைப் பிடித்து மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்வார்கள் என்கிறார். எங்கள் சிறுவயதில் ஈசலை வறுத்துப் பொரியரிசியோடு தின்றிருக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர் அதைப் படித்து என்ன நினைத்தனரோ!

கோனிக்கின் ஊகம் பெரிதும் சரியானதே. இன்று அறியப்பட்டது இது. கறையான் தான் கொண்டுவரும் மரத்தூளையும் சருகையும் தானாகச் செரித்துக்கொள்வதில்லை. தின்று கழித்ததை அடுக்கி, அதன்மேல் பூஞ்சையைப் பயிரிடுகிறது. பயிரில் எழும் வெண்மணிகளை இளம் கறையான்கள் உண்கின்றன. மணிகளில் உள்ள வித்துகள் அவற்றின் குடல் வழியே அழியாமல் வெளியேறிப் புதிய அடுக்கில் விதையாகின்றன. பூஞ்சை சிதைத்துக் கொடுத்த பழைய அடுக்கு முதிய கறையான்களுக்கு உணவு. இந்த உழவு ஆப்பிரிக்கக் காடுகளில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பது ஆய்வாளர் கணிப்பு. மனிதன் ஏர் பிடித்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை! மழை வந்ததும் அந்தப் பயிரிலிருந்து நீண்ட வேர்போன்ற காம்பு மண்ணைத் துளைத்து மேலேறி, வெளிக்காற்றில் குடை விரிக்கிறது. அதுதான் அத்தை சொன்ன 'பூ'.

அறிவியலும் அதையே சொல்கிறது என்பது எங்களுக்கு வியப்பு. பூஞ்சையின் உடல் மண்ணுக்குள் ஆண்டு முழுவதும் இருக்கிறது. காளான் அதன் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. செடிக்குப் பூ எப்படியோ பூஞ்சைக்குக் காளான் அப்படி. எனவே 'ஆம்பி பூத்தது' என்பது வெறும் அணி அன்று. 'புற்றாஞ்சோறு' என்பதும் வெறும் உருவ ஒப்புமையோடு நிற்கவில்லை. அது உண்மையிலேயே புற்றின் சோறு. கோனிக் ஊகமாக எழுதியதைத் தமிழ் பெயராகவே வைத்திருந்தது. இதைச் சொல்லி 'எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது' என்று மார்தட்டும் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிட வேண்டாம். பெயர் வைத்தவர் தோண்டிப் பார்த்தவர், ஐயமில்லை. ஆனால் பெயர் மட்டும் கைமாறி வந்தது, தோண்டும் பழக்கம் வரவில்லை. கரும்பலகையில் எழுதிய எங்களைவிடப் பெர்லினுக்கு எழுதிய கோனிக்குத்தான் அகநானூற்றுக் கரடிக்கு நெருக்கமானவர்!

பின்வந்த ஆய்வுகளைச் சுருங்கச் சொல்லலாம். 1906இல் இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய பெட்ச் இப்பூஞ்சைகளை விரிவாக ஆராய்ந்தார். 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே எய்ம் அவற்றுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினப் பெயரைத் தந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் தென்னிந்தியக் காளான்களை வரிசையாக விவரித்தபோது அவற்றில் ஒன்றுக்கு எய்மின் பெயரால் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயரிட்டார். அது வெளியான ஆண்டு 1979. கோனிக்கின் கட்டுரைக்குச் சரியாக 200 ஆண்டு!

*

நூலறிவு இவ்வளவு இருந்தும், உண்ணத்தக்கது எது என்று கேட்டால் நாங்கள் அத்தையின் முகத்தைத்தான் பார்க்கிறோம். அவர் இலக்கணம் கண்டிப்பானது. புற்றருகே எழ வேண்டும். பிடுங்கினால் வேர் நீண்டு வர வேண்டும். உச்சியில் கூர் இருக்க வேண்டும். விரிந்து ஒரு பகல் கடந்ததைத் தொடமாட்டார். வேப்பமரத்தடியில், சாணக்குழியில், புல்தரையில் எழுவது எத்தனை அழகாயிருந்தாலும் வேண்டாம். "கண்ணுக்குப் பூ, வயித்துக்கு இல்ல" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருந்த ஒரு குடும்பம், காலி மனையின் புல்லில் எழுந்த பெரிய வெண்குடைகளைச் சமைத்து உண்டது. இரண்டு மணி நேரத்தில் நால்வருக்கும் வாந்தி. மருத்துவமனையில் ஓர் இரவு கழித்து நலமாய்த் திரும்பினர். 'வெள்ளியைப் போட்டால் கறுக்கவில்லை' என்று அந்த அம்மாள் பின்னால் எங்களிடம் சொன்னார். வெள்ளிச் சோதனை, மஞ்சள் சோதனை, பூச்சி தின்றால் நாமும் தின்னலாம் என்ற கணக்கு, இவை எவையும் நம்பத்தக்கவை அல்ல. வெப்பநாடுகளின் புல்தரைகளில் பரவலாய்க் காணும் ஒரு பெருங்குடைக் காளான் உண்டு. இளமையில் அதன் அடிமடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும், முதிர்ந்தால் பச்சை படரும். உண்டவர் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். இதைப் படித்துவிட்டு எவரும் கூடையோடு கிளம்ப வேண்டாம். எங்கள் அத்தை உங்கள் வீட்டில் இல்லை.

அத்தையின் அறிவு வாய்மொழி அறிவு. அவர் தம் மாமியாரிடம் கற்றார். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கடையில் கிடைக்கும் மொட்டுக்காளானும் சிப்பிக்காளானும்தான் தெரியும். வைக்கோலில் வளரும் சிப்பிக்காளானைக் கொட்டகையில் எளிதாய் வளர்க்கலாம். புற்றுக்காளானை அவ்வாறு வளர்க்க முடிவதில்லை. அதன் உழவன் கறையான் ஒருவனே. ஆகவே புற்றை இடித்தால் காளானும் போகும், அதை இனம் காணும் கண்ணும் போகும், 'குரும்பி' மறுபடி கரும்பலகைக்குத் திரும்பும். இடிக்காவிட்டால் தாத்தாவின் விட்டம்? நத்தத்தனார் காட்டிய சிதல் அரித்த சுவர் எங்களுக்கு வெறும் பாட்டு அல்லவே!

பொங்கல் கழித்து மருந்துக்காரர் வந்தார். வீட்டுக் கடைக்காலைச் சுற்றியும் தாழ்வாரத்துத் தூண் அடியிலும் மட்டும் மருந்து இறக்கச் சொன்னோம். புற்று வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி இருக்கிறது. வாய்க்காலை மூன்று அடி விலக்கி வெட்டினோம். "இது பாதி வேலை ஐயா, உறுதி சொல்ல மாட்டேன்" என்று அவர் கூறிவிட்டார். அவர் சொன்னது நியாயமே. கைமரம் இரண்டை மாற்றியாயிற்று. மாதம் ஒருமுறை தாழ்வாரத்து மரங்களை உளிப்பிடியால் தட்டிப் பார்க்கிறோம்.

அகநானூறு எட்டாம் பாட்டு நடத்திய வாரத்தில் மாணவர்கள் பதினோரு பேரைக் கொல்லைக்கு அழைத்துவந்தோம். வாய்க்கால் வெட்டியபோது உடைந்த அறையைக் கறையான்கள் எப்போதோ மண்ணால் அடைத்துவிட்டிருந்தன. மீண்டும் உடைக்க மனம் வரவில்லை. எடுத்து வைத்திருந்த புகைப்படத்தைத்தான் காட்டினோம்.

இவ்வாண்டு புரட்டாசியிலேயே நல்ல மழை. விடியலில் புற்றின் தென்புறம் ஏழு முகைகள் எழுந்திருந்தன. அத்தை குனிந்து நான்கைப் பறித்தார். மற்ற மூன்றைக் காட்டி, "அத வுடு தம்பி, விரியட்டும்" என்றார். கோனிக்கின் பெயர் சுமக்கும் மரத்தில் ஓர் இணுக்கு உருவிக்கொண்டு உள்ளே போனார்.